மறைப்புச் சுவர்

பல்லுக்காரம்மாவின் உலைக்குள் ஆறு பற்கள் வெந்துகொண்டிருந்தபோது மின்சாரம் போனது.

ஆறும் ஒரு பள்ளிக்கூட ஆசிரியையின் வாயில் முன்வரிசையில் உட்கார வேண்டியவை. உலோகக் கூட்டின் மேல் பீங்கான் மாவைத் தூரிகையால் தொட்டுத் தொட்டு வைத்து, ஈறுப்பக்கம் துளி மஞ்சள், நுனியில் துளி கண்ணாடிப் பளபளப்பு என்று பார்த்துப் பார்த்து வளர்த்திருந்தாள். மின்சாரம் திரும்பி வந்து உலையைத் திறந்தபோது ஆறும் சுண்ணாம்பாக வெளிறிக் கிடந்தன. ஒன்றின் நடுவில் மயிரிழை போல விரிசல்.

"போச்சா?" என்றான் கணவன், படியேறி வந்ததும் அவள் முகத்தைப் பார்த்தே.

"போச்சு. டீச்சருக்கு என்ன பதில் சொல்லப்போறீங்க?"

"இன்னும் ஒரு வாரம் கிளாஸ்ல சிரிக்காம இருங்கன்னு சொல்றேன். பசங்களாவது அடங்கி இருப்பாங்க."

அவன் எதற்கும் இப்படித்தான். பல் மருத்துவமனைகளுக்கு ஸ்கூட்டரில் போய் அச்சுகளை வாங்கி வருவதும், செய்து முடித்த பற்களைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவன் வேலை. 'இந்த ஊர்ல பாதிப்பேரோட சிரிப்பு என் வண்டி டிக்கியிலதான் இருக்கு' என்று போகிற இடமெல்லாம் சொல்வான். செய்வதெல்லாம் அவள். அன்று அவனும் அந்த ஒரு வேடிக்கைப் பேச்சோடு நிறுத்திக்கொண்டான். அந்தக் கோடையில் மின்சாரம் நினைத்தபோது போனது, நினைத்தபோது வந்தது. உலையோ பாதியில் நின்றால் மன்னிக்காது.

"மாடியில சோலார் போட்டுடலாம், பேட்டரியோட," என்றான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு? வெயில் சும்மாதானே விழுது."

வேலை அறை மாடியில் இருந்தது. தகரக் கூரை போட்ட நீள அறை. சுவரோரம் மேசை, அதன்மேல் பல்லை மெருகேற்றும் சின்ன மோட்டார், மெழுகு உருக்கும் விளக்கு, பிளாஸ்டர் தாடைகளை அடுக்கிய பலகை, மூலையில் உலை. அறைக்கு முன்னால் தெருவைப் பார்த்த மொட்டைமாடி. அந்த வீட்டில் அவளுக்குப் பிடித்த இடம் அதுதான். பீங்கானின் நிறத்தை விளக்கு வெளிச்சத்தில் நம்ப முடியாது. விளக்கடியில் கச்சிதமாக இருக்கும் பல், வாயில் ஏறி வெளியே போனதும் சாம்பலாகத் தெரியும். அதனால் ஒவ்வொரு பல்லையும் வெளியே எடுத்துவந்து, மாதிரிப் பற்களை வரிசையாகக் கோத்த நிறப்பட்டையின் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். பார்த்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் கைப்பிடிச்சுவரில் சாய்ந்து, தெருவில் போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

கீழ்த்தளம் கணவனின் அண்ணனுடையது. அண்ணன் லாரி ஓட்டிக்கொண்டு வெளியூர்களிலேயே கிடப்பவர். வீட்டில் இருப்பது அவர் மனைவி, இவளுடைய ஓரகத்தி. கல்யாணமான புதிதில் எல்லோரும் கீழேதான் ஒன்றாக இருந்தார்கள். இவள் எத்தனை மணிக்கு எழுந்தாள், யாரோடு ஃபோனில் பேசினாள், எதற்காகச் சிரித்தாள் என்பதெல்லாம் ஓரகத்திக்குத் தெரிந்தாக வேண்டும். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் இவள் மறந்து வைத்துவிட்ட பிளாஸ்டர் தாடையைத் துணியால் பிடித்து எடுத்துப்போய் வாசலில் வைத்துவிட்டு, "சோறு தின்னுற இடத்துல பிணத்தோட பல்லை வைக்காதே" என்றாள். அதற்குப் பிறகுதான் மாடி எழுந்தது, தெருவிலிருந்தே ஏறிப்போகிற படியோடு. கூடத்திலிருந்து மேலே போன பழைய உள்படியைப் பலகை அடித்து அடைத்துவிட்டார்கள். கூடத்தைத் தாண்டாமல், யாருக்கும் பதில் சொல்லாமல் ஏறலாம், இறங்கலாம். அந்த வெளிப்படியைத் தவிர வேறு எதையும் தன் சொத்தாக அவள் நினைத்ததில்லை.

சோலார்க்காரர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பின்பக்கம் ஆகாது என்றார். அங்கே அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று எழும்பி நாள் முழுக்க நிழல். தகரக் கூரை பாரம் தாங்காது. மொட்டைமாடியின் முன்பாதிதான் மிச்சம். அங்கே முழங்கால் உயரத்துக்குக் கம்பிக்கால்கள் நட்டுக் கருநீலத் தகடுகளைச் சாய்வாகப் பொருத்தினார்கள். அவற்றை மின்கம்பியோடு இணைக்க மின்சார வாரியம் வர வேண்டும். வாரியம் வருவதற்கு நகரத் திட்ட அலுவலகத்தின் அனுமதி வேண்டும்.

"அதெல்லாம் யாரு சார் வாங்குறா? நேரா பேட்டரிக்குக் குடுத்துட்டு ஓட்டிக்கிட்டிருக்காங்க," என்றார் சோலார்க்காரர்.

"எதுக்கு வம்பு? முறையாவே செஞ்சுடுவோம்," என்றான் கணவன். மறுநாள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பினான்.

"எந்தத் தெரு?" என்று கேட்டார் திட்ட அதிகாரி. ஐம்பதை நெருங்கும் குள்ளமான பெண்மணி. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த நகர வரைபடத்தில் விரலை ஓட்டினார். "உங்க தெரு மஞ்சள்ல வருதே."

"மஞ்சள்னா நல்லதா மேடம்?"

"பழைய தெரு வட்டம். வீட்டு முகப்பு மாறக்கூடாது. பொதுவழியில நின்னு பாத்தா மாடியில எந்தக் கருவியும் கண்ணுல படக்கூடாது. தகடு வேணும்னா பின்பக்கம் போட்டுக்கலாம்."

"பின்னாடி வெயிலே இல்ல மேடம். அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கற மாதிரி ஒரு கட்டடம் கட்டிட்டாங்க."

"அது பச்சை வட்டம். அங்க கட்டலாம்."

கணவன் வரைபடத்தைப் பார்த்தான். மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவில் போன கோடு அவன் வீட்டுக் கொல்லைச் சுவரின்மேல் போயிருந்தது. "எங்க தெருவுலயே மூணு வீட்ல தகடு இருக்கு மேடம். மூலை வீட்டுக்காரர் குளிக்க வெந்நீருக்குக்கூட வச்சிருக்கார்."

"அவங்க யாரும் வந்து கேக்கலை. நீங்க கேட்டுட்டீங்க. இனிமே எனக்குத் தெரியாதுன்னு நான் இருக்க முடியாதே," என்றார் அதிகாரி. ஏதோ அவனே தன்னை ஒரு சிக்கலில் மாட்டிவிட்டதுபோல இருந்தது அவர் குரல்.

அந்த வாரமே அவர் நேரில் வந்தார். மாடியேறித் தகடுகளை அளந்தார். சுவரில் இருந்த சுவிட்சுப் பெட்டியைக் கம்பியால் சுற்றிக் கட்டி, முடிச்சில் ஈய முத்திரை அடித்தார். "அனுமதி வர்ற வரைக்கும் இதைத் தொடாதீங்க. கழட்டி எடுக்கறதா இருந்தாலும் எங்ககிட்ட சொல்லிட்டுத்தான் எடுக்கணும்."

வெயில் கொளுத்தியது. தகடுகள் அதை வாங்கிக்கொண்டு சும்மா கிடந்தன. உள்ளே மின்சாரம் போய்ப் போய் வந்தது. ஆசிரியையின் பற்களை அவள் இரண்டாம் முறை செய்தாள்; அந்தத் தடவை உலை தப்பியது, அடுத்த தடவை வேறு ஒருவரின் கடைவாய்ப் பல் போயிற்று. உலையை ஏற்றிவிட்டு விசிறியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பாள். விசிறி சற்று மெதுவானாலும் எழுந்துபோய் உலையின் எண்களைப் பார்ப்பாள்.

"சாப்பாட்டை எதிர்ல வச்சுட்டு வாயைத் தைச்சுவிட்ட மாதிரி இருக்கு," என்றான் கணவன். அலுவலகத்துக்கு நடையாய் நடந்தான். கடைசியில் ஒருநாள், பரீட்சையில் தேறிய பையன் மாதிரி படியேறி வந்தான். "வழி கிடைச்சிடுச்சு! தகடு தெரியக்கூடாதுன்னுதானே சொல்றாங்க? மறைச்சுட்டா போச்சு. விதியிலேயே இருக்கு."

"எதை வச்சு மறைக்கிறது? செடி வச்சா?"

"நானும் அதையே கேட்டேன். செடி வாடிடும்னுட்டாங்க. நிலையா இருக்கணும், ஊடுருவிப் பாக்க முடியாததா இருக்கணும். சுவர்தான்."

"எவ்வளவு உயரம்?"

"பாலத்து மேட்டுல நின்னு பாத்தாலும் தெரியக்கூடாதாம்."

தெருக்கோடியில் சாலை மேடேறிப் பாலத்தில் போய்ச் சேரும். அங்கே நின்று பார்த்தால் இவர்கள் மொட்டைமாடி தட்டில் வைத்ததுபோலத் தெரியும். அவள் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். "அப்போ ஆள் உயரத்துக்கு மேல வருமேங்க. என் வெளிச்சம் என்ன ஆகும்?"

"மேல திறந்துதானே கிடக்கு? அதுவும் பத்தலைன்னா பகல் மாதிரியே எரியற விளக்கு விக்கறான். பெரிய பெரிய லேப்ல எல்லாம் அதை வச்சுத்தான் பாக்கறாங்க."

"தெருவே தெரியாது."

"தெருவுல அப்படி என்ன இருக்கு?"

சொல்வதற்கு அவளிடம் பதில் இருந்தது. வாயைத் திறந்து சொன்னால் சின்னப்பிள்ளைத்தனமாகப் போய்விடும் என்று விட்டுவிட்டாள். அன்று சாயங்காலமே மறுபடி மின்சாரம் போனது. இருட்டில் உலையின் சிவப்பு எண்கள் அணைவதைப் பார்த்துக்கொண்டே, "சரி, கட்டுங்க," என்றாள்.

மூன்று பக்கமும் சுவர் எழுந்தது. முடிகிற தறுவாயில் அதிகாரி பார்வையிட வந்தார். கணவனும் அவளும் பாலத்து மேடு வரை கூடவே போனார்கள். அதிகாரி பாலத்தின் ஓரமாக நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் பக்கம் பார்த்தார்.

"எனக்குத் தெரியலை."

"அப்பாடா," என்றான் கணவன்.

"இருங்க." அதிகாரி திரும்பி, வண்டியில் உட்கார்ந்திருந்த தன் டிரைவரைக் கூப்பிட்டார். டிரைவர் இறங்கினார். இறங்கிக்கொண்டே இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும், அவ்வளவு உயரம். வந்து நின்று கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார்.

"தெரியுது மேடம். ஒரு ஓரம். பளபளன்னு."

"அண்ணே, கொஞ்சம் குனிஞ்சு பாருங்களேன்," என்றான் கணவன்.

"எதுக்கு சார் குனியணும்? நின்னாலே நல்லாத் தெரியுதே," என்றார் டிரைவர் வெகுளியாக.

"மேடம், ஊர்ல எல்லாரும் இவர் மாதிரியா இருக்காங்க?"

"விதியில 'பொதுவழியில் நிற்கும் ஒருவர்'னு இருக்கு. அவரும் ஒருவர்தானே," என்றார் அதிகாரி. "இன்னும் மூணு வரிசை செங்கல் ஏத்துங்க."

ஏற்றினார்கள். பழைய தெரு வட்டத்துக்கென்று ஒரு காவி நிறம் விதித்திருந்தார்கள். உள்ளும் புறமும் அதையே பூசினார்கள். அனுமதி வந்தது, வாரியம் வந்து இணைப்புக் கொடுத்தது, ஈய முத்திரை அறுபட்டது. அதிகாரி போகும்போது, "இப்ப நிம்மதியா?" என்று கேட்டார். கணவன் கும்பிட்டான்.

உச்சிவெயில் சில மணி நேரம் விழுந்தாலே பேட்டரி நிறைந்துவிட்டது. உலை அதற்குப் பிறகு ஒருமுறைகூட நிற்கவில்லை. தெருவே இருண்டு கிடக்கும்போதும் அது தன்பாட்டுக்கு ஏறி, உச்சியில் நின்று, இறங்கும். பற்கள் கண்ணாடிபோல வெந்து வந்தன. அதைப் பார்க்கும்போது அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெளியே எடுத்துவந்து பார்க்கும்போதுதான் தொல்லை. காலையில் மாடி முழுக்கச் சுவரின் நிழல். உச்சிப்பொழுதில் வெயில் நேராக விழுந்து கண்ணைக் குத்தும். அதற்குப் பிறகு வருகிற வெளிச்சம் காவிச் சுவரில் பட்டுத் தெறித்து, கையில் இருக்கும் பல், பட்டையில் இருக்கும் பல், அவள் விரல் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி செம்மண் சாயம் பூசிவிடும்.

பகல்விளக்கு வந்தது. கடைவாய்ப் பற்களுக்கு அது போதும். முன்னால் ஒற்றையாக உட்காருகிற பல்லுக்குத்தான் போதாது. இரண்டு பக்கமும் சொந்தப் பற்கள் நின்று காட்டிக்கொடுத்துவிடும்.

அப்படி ஒரு பல் பஸ் கண்டக்டர் ஒருவருடையது. பிரேக் போட்டபோது கம்பியில் இடித்து உடைந்தது. அதற்கு அவள் செய்துகொடுத்தது மருத்துவமனையிலிருந்து ஒருமுறை திரும்பி வந்தது, மாற்றிச் செய்தாள், மறுபடி திரும்பியது. மூன்றாவது தடவை கண்டக்டரே படியேறி வந்துவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. வாயை மூடினா நல்லாத்தான் இருக்கு. திறந்தா வேற யாரோட பல்லோ மாதிரி இருக்கு. டிக்கெட் வாங்கறவங்க எல்லாம் முகத்தைப் பாக்கறதில்ல, நேரா அதையே பாக்கறாங்க."

அவரை மொட்டைமாடியில் நிற்கவைத்து, உதட்டைத் தூக்கச் சொல்லி, பட்டையை வைத்துப் பார்த்தாள். முகமே காவியாகத் தெரிந்தது. தகடுகளுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த சந்தில் ஒதுங்கிப் பார்த்தாள். பிறகு, "கீழ வாங்க," என்று அவரை அழைத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். மாடியைவிட நன்றாகத் தெரிந்தது, ஆனாலும் கூசும் வெயிலில் நிறம் முழுசாகப் பிடிபடாமல் பல்லை வாங்கி வைத்துக்கொண்டு அவரை அனுப்பினாள்.

அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. சின்னத் தட்டில் பற்களை அடுக்கிக்கொண்டு, தெருவோரம் வெயில் படாத இடமாகப் பார்த்து நின்று, ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். போகிறவர்கள் நின்றார்கள். சைக்கிளில் வந்த ஒருவர், "வியாபாரமா? எப்படிக் குடுக்கறீங்க?" என்று விசாரித்தார். லேசாகக் காற்று அடித்தாலும் தூசி ஒட்டியது. ஒருமுறை மோட்டார்சைக்கிள் ஒன்று உரசிக்கொண்டு போனதில் தட்டு ஆடி, ஒரு பல் சாக்கடை ஓரமாக உருண்டது. குந்தி உட்கார்ந்து அவள் அதைத் தேடிக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டு ஜன்னல் திறந்தது.

"நடுத்தெருவுல என்ன கூத்து இது?" என்றாள் ஓரகத்தி. "பல்லைத் தொலைச்சுட்டுத் தேடற கிழவி மாதிரி. போறவன் வர்றவன் எல்லாம் என்கிட்ட வந்து கேக்கறான். எனக்கு மானம் போகுது."

"மேல வெளிச்சம் இல்லக்கா."

"கோட்டை மாதிரி சுவர் எழுப்பிக்கிட்டா வெளிச்சம் எப்படி வரும்?" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினாள் அவள்.

மறுநாள் கணவனிடம் சொல்லாமல் திட்ட அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரியின் அறையில் குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் இவளை அடையாளம் கண்டுகொண்டு நாற்காலியைக் காட்டினார்.

"சுவர்ல ஒரு கை அகலத்துக்கு ஜன்னல் மாதிரி விட்டுக்கலாமா மேடம்?"

"ஊடுருவிப் பாக்க முடியாததா இருக்கணுமேம்மா. ஓட்டை போட்டா ஊடுருவுதே."

"உள்பக்கம் மட்டும் வெள்ளை அடிச்சுக்கறோம். வெளியில யாருக்கும் தெரியாது."

"ரெண்டு பக்கமும் ஒரே நிறம்னு இருக்கு. முந்தி ஒருத்தர் உள்பக்கம் மட்டும்னு ஆரம்பிச்சு விளம்பரமே எழுதிட்டார். அதுக்கப்புறம் சேர்த்தது அது."

"அப்போ வேணாம் மேடம். தகட்டை எடுத்துடறோம். சுவரையும் இடிச்சுடறோம். பழையபடி இருந்துக்கறோம்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "தகடு இருக்கற வரைக்கும் சுவரை இடிக்க நான் அனுமதி தர முடியாது. தகட்டைக் கழட்டணும்னா வாரியம் இணைப்பைத் துண்டிக்கணும். அவங்களோட எத்தனை வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டிருக்கீங்க?"

"பத்து."

"அதுக்குள்ள துண்டிக்க அவங்க ஒத்துக்க மாட்டாங்க. ஒத்துக்கணும்னா இடம் பயன்படலைன்னு இங்கிருந்து எழுதிக் குடுக்கணும். நான் எப்படி எழுதுவேன்? நல்லா பயன்படுதுன்னு நானேதானே வந்து பாத்துட்டுப் போனேன்." சொல்லச் சொல்ல அவருக்கே அது புதிதாகத் தெரிந்ததுபோல நிறுத்தினார். "வேணும்னே இப்படிப் பண்ணலைம்மா. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு காரணத்துக்காக வந்தது. சேர்த்துப் பாத்தா இப்படி ஆயிடுது."

"நான் என்னதான் பண்றது?"

"எனக்கும் தெரியலை." அதிகாரி தனக்குப் பின்னால் அடுக்கியிருந்த இரும்பு அலமாரிகளைக் காட்டினார். "இங்க ஒரு ஜன்னல் இருந்துச்சு. ஃபைல் வைக்க இடமில்லன்னு அடைச்சுட்டாங்க. வெளிய மழை பெஞ்சாகூட வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் எனக்குத் தெரியும். மொதல்ல கஷ்டமா இருந்துச்சு." பிறகு எப்படி இருந்தது என்று அவர் சொல்லவில்லை. "உங்களுக்குத் தெருப்பக்கம் ஜன்னல் இருக்கற வேற ரூம் ஏதாவது இருக்கா?"

"கீழ இருக்கு. எங்களுது இல்ல."

"சொந்தக்காரங்கதானே?"

"அதனாலதான் மேடம் கஷ்டம்," என்றாள் அவள். அதிகாரி சிரித்துவிட்டார். அவளுக்கும் ஒரு கணம் சிரிப்பு வந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது பாலத்து மேட்டில் நின்று பார்த்தாள். வரிசையாகப் பழைய வீடுகள். நடுவில் தன் வீட்டு மாடி, வாய்மூடிய காவிப் பெட்டியாக. தகடு ஒன்றும் தெரியவில்லை. எவ்வளவு நன்றாக மறைந்திருக்கிறது என்று அவளுக்கே தோன்றியது. அந்தப் பெட்டிக்குள்தான் இத்தனை நாளாக உட்கார்ந்திருக்கிறோம் என்பது வெளியிலிருந்து பார்த்தபோதுதான் புரிந்தது.

கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் இந்த முறை வேடிக்கை எதுவும் பேசவில்லை. "நான் அங்க கேக்காமலே இருந்திருக்கலாம்," என்றான்.

"முறையாத்தானே செஞ்சீங்க."

"அண்ணிகிட்ட வேணா நான் பேசட்டுமா?"

"வேணாம். உங்களுக்காக ஒத்துக்கிட்டு என்னை வாழ்நாள் முழுக்கக் குத்திக்காட்டும். நானே கேக்கறேன்."

கேட்பதற்கு மூன்று நாள் படியிறங்கிப் படியேறினாள். கடைசியில் கதவைத் தட்டியபோது ஓரகத்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். முன்னறை அப்படியேதான் இருந்தது. தெருவைப் பார்த்த அகன்ற ஜன்னல், வெள்ளைச் சுவர்கள், எந்தச் சாயமும் கலக்காத பகல் வெளிச்சம் தரையில் படர்ந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் கேட்க வந்த வார்த்தைகளை மறந்துபோனாள்.

"என்ன, அதிசயமா என் வாசலுக்கு வந்திருக்கே?"

"இந்த ஜன்னல்கிட்ட ஒரு சின்ன மேசை போட்டுக்கட்டுமாக்கா? நிறம் பாக்கறதுக்கு மட்டும்தான். மாவு, தூசி எதுவும் கொண்டுவர மாட்டேன்."

ஓரகத்தி மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். "என்னை வேணாம்னுதானே தனியாப் படி கட்டிக்கிட்டுப் போனே?"

இல்லை என்று சொல்லிவிடலாம். "ஆமாக்கா," என்றாள்.

ஓரகத்தி மடித்த துணிகளை அடுக்கி ஓரமாக வைத்தாள். பிறகு விரலை மடக்கிக்கொண்டு ஆரம்பித்தாள். "சாப்பாட்டு மேசைப் பக்கம் அந்தச் சாமான் வரக்கூடாது. மத்தியானம் நான் படுக்கற நேரம் கதவைத் தட்டக்கூடாது. வர்ற ஆளுங்க வாயைத் திறந்துகிட்டு இங்க உக்காரக்கூடாது, வாசல்ல நிக்கட்டும். அப்புறம், அந்த வெளிப்படியில இறங்கி வராதே. உள்ளே ஒரு படி இருந்துச்சே, அடைச்சு வச்சிருக்கோமே, அதைத் திறந்துவிடச் சொல்லு. நீ வர்றதும் போறதும் எனக்குத் தெரியணும்."

அவள் தலையாட்டினாள்.

உள்படியின் பலகையைக் கணவன் பெயர்த்தெடுத்தான். மேசை வந்தது. முதல் நாளே கண்டக்டரின் பல்லை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பட்டையை வைத்ததுமே தெரிந்துவிட்டது, எங்கே பிசகியது என்று. இத்தனை நாளாக இருட்டில்தான் தடவிக்கொண்டிருந்திருக்கிறாள். மாடிக்குப் போய் ஒரு பூச்சு ஏற்றி வேகவைத்து, மறுபடி கீழே வந்து பார்த்தாள். ஓரகத்தி எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். லாரி எந்த ஊரில் நிற்கிறது, பக்கத்து வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை, இவள் காலையில் ஏன் லேட்டாக எழுந்தாள் என்று பேச்சு ஓடியது. வீட்டில் பேச்சுத்துணை இல்லாத மனுஷி என்பது இத்தனை வருஷத்தில் அன்றுதான் இவளுக்கு உறைத்தது. உறைத்ததனால் பேச்சு குறைந்துவிடவில்லை.

"ஈறுகிட்ட இன்னும் கொஞ்சம் மஞ்சள் வேணும்போல இருக்கே," என்றாள் ஓரகத்தி நடுவில்.

அவள் பல்லை மறுபடி தூக்கிப் பார்த்தாள். வேண்டும்தான். அது உண்மையாக இருந்ததுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கசந்தது. மாடிக்குப் போய்ச் சரிசெய்துகொண்டு வந்தாள்.

கண்டக்டர் வாசலில் நின்று பல்லைப் பொருத்திப் பார்த்தார். கையகலக் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் முகத்தைத் திருப்பினார். எது போட்ட பல், எது தன் பல் என்று அவருக்கே ஒரு நிமிடம் தெரியவில்லை. "அம்மா, இது என் பல்லுதான்!" என்று சொல்லிவிட்டுத் தெரு முழுக்கச் சிரித்துக்கொண்டே போனார். ஓரகத்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏதோ தானே செய்ததுபோல அவர் போவதைப் பார்த்தாள்.

பல்லுக்காரம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க கிளம்பிட்டே?" என்றாள் ஓரகத்தி. "இன்னும் எவ்வளவு வெளிச்சம் இருக்கு. உக்காரு."

தெருவில் மாலை இறங்க இன்னும் நேரம் இருந்தது. தட்டில் நான்கைந்து பற்கள் பார்க்கப்படாமல் கிடந்தன. மேலே உலை தன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும், அதற்கு இவள் தேவையில்லை. அவள் உட்கார்ந்தாள்.